ஒரு வாளித் தண்ணீர்

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். பதினெட்டு நாளாகத் தெரிந்துகொண்டிருந்தது.

வீடு கிடந்த கிடை அப்படி. அடுப்பு மாடிப்படிக்குக் கீழே. பீரோ வாசலை மறித்துக்கொண்டு. சோற்றில் சிமெண்டு, படுக்கையில் மணல். எல்லாம் ஒரு குளியலறைக்காக. பழைய குளியலறையில் வழுக்கி விழுந்துதான் அவர் மனைவி கோமதி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். இன்றைக்குப் புதன்.

காலையிலேயே கொத்தனார் இசக்கிமுத்துவைக் கிழித்துத் தோரணம் தொங்கவிட்டார். ஆத்திரம் அடங்கவில்லை. ஆற்றங்கரை மடத்துக்கு நடந்தார்.

மடத்துச் சாமி இவரைவிடப் பத்து வயது இளையவர். பேச்சு குறைவு. பொறுமை அதைவிடக் குறைவு. ஆவுடையப்பன் நாலு வருஷமாக அவரிடம் பாடம் கேட்கிறார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளும்."

"பொறுமை, பொறுமை என்கிறீர்களே. மடையனிடம் எப்படிப் பொறுமையாக இருப்பது?"

"எந்த மடையன்?"

"எங்க கொத்தனார்தான், வேற யாரு? குளியலறைத் தரையைச் சரிவாகப் போட்டு வச்சிருந்தான். கடையில ரசமட்டம் வாங்கி நானே வச்சுப் பார்த்தேன். குமிழி ஒரு பக்கமா ஓடுது! சரிவிலதானே அவ வழுக்கி விழுந்தா? அத்தனை டைல்சையும் பேர்க்கச் சொன்னேன். நாற்காலியைப் போட்டுப் பக்கத்துலேயே உட்கார்ந்து, கல்லுக்குக் கல் மட்டம் பார்த்துப் போட வச்சேன். நேத்துத்தான் முடிஞ்சுது."

"அவன் ஒன்றும் சொல்லவில்லையா?"

"வாயைத் திறந்தான். திறந்தா பல்லு இருக்காதுன்னேன்."

சாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நடவும்."

"பதில்?"

"நடவும், ஓய்."

வீட்டில் இசக்கிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மணல் சலித்துக்கொண்டிருந்தான். சாமி நேரே குளியலறைக்குப் போனார். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. நாற்காலி இன்னும் வாசலிலேயே கிடந்தது. ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"ஒரு வாளித் தண்ணீர்" என்றார் சாமி.

ஆவுடையப்பனே கொண்டுவந்தார். சாமி வாங்கி நடுத்தரையில் கவிழ்த்தார்.

மூலையில் இருந்த ஓட்டைக்குள் கொஞ்சம் போயிற்று. மிச்சம் போகவில்லை. பரந்து படுத்துக்கொண்டது. கோமதியால் காலைத் தூக்கி வைக்க முடியாதென்று வாசல் தடுப்பை எடுத்திருந்தார்கள். தண்ணீர் அந்த வழியாகக் கூடத்துக்கு வந்து, அவளுக்காகப் போட்டிருந்த கட்டில் காலைத் தொட்டது.

"ஏலே இசக்கி!"

தெருவில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். இசக்கிமுத்து வந்து நின்றான்.

"தண்ணி நிக்குதுலே! நாளன்னைக்கு அவ இதுல கால வச்சா என்னலே ஆகும்?"

"விழுவாக, அண்ணாச்சி."

"தெரிஞ்சும் ஏம்லே சொல்லல?"

"எனக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கு, அண்ணாச்சி. இருக்கட்டும்னு பார்த்தேன்."

வெளியே சித்தாள் பொம்பளை களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"தண்ணி ஓடத்தான் சரிவா வாட்டம் விட்டேன். அதப் பேர்க்கச் சொன்னது நீங்க. பழைய தரையையும் நாந்தானே பேர்த்தேன்? நடுவுல பள்ளம். தண்ணி நின்னு பாசி பிடிச்சுக் கெடந்துது. அக்கா விழுந்தது பாசியில. சரிவுல இல்ல."

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். அந்தப் பாசியைத் தேய்க்கச் சொல்லிக் கோமதி எத்தனை தடவை கேட்டிருப்பாள்!

இசக்கிமுத்து சிமெண்டுக் கரண்டியைக் கழுவிப் பைக்குள் போட்டான். "வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"சாமி, நீங்களாவது சொல்லுங்க. ரெண்டே நாள்தான் இருக்கு. இப்ப என்ன செய்யணும்?"

"நான் என்ன கொத்தனாரா? என்னிடம் கேட்கிறீர்?"

ஆவுடையப்பன் ஈரத்தில் நின்றார். இசக்கிமுத்து வாசல்வரைக்கும் போய்விட்டான்.

"இசக்கி."

அவன் நின்றான். பதினெட்டு நாளில் 'லே' இல்லாமல் அந்தப் பெயர் இப்போதுதான் வருகிறது.

"இப்ப... என்ன செய்யணும்ப்பா?"

இசக்கிமுத்து திரும்பி ஈரத் தரையைப் பார்த்தான். பை தோளிலேயே இருந்தது.

"மொதல்ல அந்த நாற்காலிய எடுங்க" என்றான் கடைசியில். "இப்பக் கை வச்சாத்தான் வெள்ளிக்கெழமக்குள்ள காயும்."

ஆவுடையப்பன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சாமி தெருவில் இறங்கிப் பாதி தூரம் போயிருந்தார்.

"சாமி! என் கேள்விக்குப் பதில் சொல்லாமலே போறீங்களே?"

சாமி திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான் முதலில் கேட்டேன், ஓய். எந்த மடையன் என்று."