மூக்குத்திப் பூவும் கீரி வைத்தியரும்

குளக்கரைக் காட்டில் வேலப்பன் என்றொரு கீரி இருந்தான். கீரி என்றாலே மூலிகை தெரிந்தவன் என்று காட்டில் ஒரு பேச்சு. பாம்போடு சண்டை போட்டுவிட்டுப் புதருக்குள் ஓடி, எதையோ கடித்துக்கொண்டு திரும்பி வருவானாம். வேலப்பனோ பாம்பைக் கண்டால் புதருக்குள் ஓடுவதோடு சரி! ஆனாலும் எல்லோரும் அவனை “வைத்தியரே” என்றுதான் கூப்பிட்டார்கள். வலியப் போய் வேண்டாமென்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அந்தக் கரை முழுக்க மூக்குத்திப் பூச்செடி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. முயல் பூவாத்தா தன் நாலு குட்டிகளுக்கும் மூன்று வேளையும் அதைத்தான் ஊட்டினாள். தேனீக்கள் அதன் பூவைச் சுற்றி வந்தன. தேன்சிட்டு அதன் விதைப் பஞ்சைக் கொத்திப்போய்க் கூட்டுக்குள் மெத்தை போட்டது. மற்றவர்கள் அதை மிதித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்கள். காலடியில் கிடக்கிற பொருளுக்கு ஏது மரியாதை?

ஒருநாள் காட்டுப்பன்றி கட்டாரி ஓடிவந்தான். முன்னங்காலைப் பாறை கிழித்திருந்தது.

“வைத்தியரே! காலு போச்சு! உசிரும் போகப் போகுது!”

என்ன செய்வதென்று தெரியாமல் வேலப்பன் காலடியில் கிடந்த செடியைப் பிடுங்கி, இலையைக் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிந்தான். ரத்தம் நின்றுவிட்டது! கட்டாரியைவிட அதிகமாக அசந்துபோனவன் வேலப்பன்தான்.

கட்டாரி பெரிய வீரன். தன் ரத்தத்தைப் பார்க்க மட்டும் தைரியம் போதாது. அதுவரை கண்ணை இறுக மூடியிருந்தவன் மெல்லத் திறந்தான்.

“என்ன மருந்துங்க இது?”

“ஏழு மலை தாண்டிக் கொண்டாந்தது!” என்றான் வேலப்பன், இலையைக் காலுக்கடியில் தள்ளியபடி. “மூணு நாள் பத்தியம். தவளையைத் தொடக் கூடாது!”

“நான் தவளையைத் தொட்டதே இல்லீங்களே!”

“அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் ரத்தம் நின்னுது!”

செய்தி காடெங்கும் பரவியது. முள் குத்தியவர்களும் கல் கிழித்தவர்களும் வந்து குவிந்தார்கள். வேலப்பன் இலையை அரைத்து, யாருக்கும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் களிமண் சேர்த்து உருட்டி வைத்துக்கொண்டான். காணிக்கை, ஆளுக்கொரு நண்டு. வயிறும் வளர்ந்தது, நடையும் மாறியது.

ஒரே ஒரு கவலைதான் அவனைத் தூங்கவிடாமல் செய்தது. ஏழு மலை தாண்டி வந்த மருந்தைப் பூவாத்தாவின் குட்டிகள் பட்டப்பகலில் கறுக்குமுறுக்கென்று தின்றுகொண்டிருந்தன!

‘யாராவது பார்த்துவிட்டால் என் பிழைப்பு என்னாவது?’ என்று யோசித்தான். மறுநாளே கரைக்கு வந்து, செடிகளை வேரோடு பிடுங்கத் தொடங்கினான்.

“என்ன வைத்தியரே இது?” என்று கேட்டான் கட்டாரி.

“களை! நீங்கள்லாம் நடக்கிற பாதை சுத்தமா இருக்க வேணாமா?”

“அடடா! நமக்காக எவ்வளவு பாடுபடுறார்!” என்று கண்கலங்கிய கட்டாரி, தானும் மூக்கால் நாலு செடியைக் கிளறிக் கொடுத்தான்.

பூவாத்தா ஓடிவந்து குறுக்கே நின்றாள். “சாமி, கோடைக்குப் புல்லெல்லாம் காய்ஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் பச்சையா இருக்குது. என் குழந்தைங்களுக்கு இதுதான் சோறு!”

“களையைத் தின்னா பிள்ளைங்க களையாத்தான் வளரும். வேற எதையாவது பழக்கு!”

அவள் கண்ணீர் அவனை உறுத்தத்தான் செய்தது. ஆனால் நண்டின் ருசி அதைவிடப் பெரிதாக இருந்தது. மொட்டும் பூவுமாக அத்தனை செடியையும் தன் வளைக்குள் திணித்து, வாசலைக் கல்லால் அடைத்துவிட்டு, தான் வெளியே புதரடியில் படுத்துக்கொண்டான்.

பத்து நாள் போயிற்று. கையிலிருந்த உருண்டைகளும் தீர்ந்தன. அன்று ஒரு நீர்நாய் கொழுத்த நண்டொன்றைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனது. வேலப்பன் ஆசையோடு அதை முகர்ந்து பார்த்தான். நண்டுக்கு உயிர் இருந்தது! கொடுக்கால் அவன் மூக்கைக் கவ்வி ஒரு திருகு திருகிவிட்டுக் குளத்துக்குள் ஓடிவிட்டது.

“ஐயோ! அம்மா!”

ரத்தம் கொட்டியது. வேலப்பன் வளைக்கு ஓடிக் கல்லைத் தள்ளினான். உள்ளே பச்சை என்று பேருக்குக்கூட ஓர் இலை இல்லை. எல்லாம் காய்ந்து சருகாகியிருந்தது. பிடுங்கிப் போட்ட பூக்களெல்லாம் முற்றி வெடித்து, வளை முழுக்கப் பஞ்சாக நிறைந்திருந்தன. தலையை உள்ளே நீட்டினான். கிழிந்த மூக்கில் பஞ்சு ஏறியது.

“அச்! அச்! அச்ச்ச்!”

ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு மூட்டைப் பஞ்சு வெளியே பறந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் ரத்தம் இரண்டு மடங்காகியது.

“வைத்தியர் வீட்டிலே புகை!” என்று கத்திக்கொண்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். கட்டாரி முன்னால் வந்து பார்த்தான்.

“வைத்தியரே! தவளையைத் தொட்டுட்டீங்களா?”

வேலப்பனிடமிருந்து இன்னொரு தும்மல்தான் வந்தது. தலை சுற்றியது. ‘செத்தேன்!’ என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது பூவாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வாயில் ஒரே ஒரு பச்சைச் செடி. வேலப்பனின் கை நுழையாத பாறையிடுக்கில் தப்பியது அது. குட்டிகளின் அன்றைய சோறும் அது ஒன்றுதான். இலைகளைக் கிள்ளி நன்றாக மென்று, அவன் மூக்கில் அப்பினாள்.

“எச்சில்!” என்று முனகினான் வேலப்பன்.

“வாயை மூடுங்க சாமி!”

ரத்தம் நின்றது. கட்டாரி மோந்து பார்த்தான். இன்னொரு முறை மோந்து பார்த்தான்.

“இந்த வாசனை... என் காலிலே பூசினது இதுதானே! ஏழு மலை தாண்டின மருந்து இதுவா? நானும் இதை மூக்காலே கிளறிப் போட்டேனே!” என்று கோரைப் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தான்.

“காயம் ஆறட்டும், அண்ணா. அப்புறம் அடிங்க!” என்று தடுத்தாள் பூவாத்தா.

வேலப்பன் அவளைப் பார்த்தான். பின்னால் அவள் குட்டிகள் வெறும் காம்பை ஆளுக்கொரு கடியாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அவனுக்கு வெட்கத்தில் உடம்பு குறுகியது.

“ஏழு மலையும் பொய். தவளையும் பொய். உன் பிள்ளைங்க பசியைப் பார்த்தும் செஞ்சேன். என்னை மன்னிச்சிரு, தாயி!” என்று அழுதான். அழுததில் மறுபடி ஒரு தும்மல் வந்து, கடைசிப் பஞ்சும் பறந்தது.

மூன்றாம் நாள் கோடைமழை கொட்டியது. பறந்த பஞ்சு விழுந்த இடமெல்லாம் மூக்குத்திச் செடி முளைத்தது. கரையில், பாதையில், கட்டாரி புரளும் சேற்றோரத்தில், ஏன், வேலப்பனின் வளைக்கு மேலேயும்! குட்டிகளின் தொப்பை பழையபடி உருண்டது.

இப்போதும் யாராவது காயத்தோடு வந்தால் வேலப்பன், “குனிஞ்சு பாரு, உன் காலடியிலேயே இருக்குது!” என்று செடியைக் காட்டுவான். பழக்கம் விடுமா? “தவளையை மட்டும் தொடாதே!” என்றும் சேர்த்துக்கொள்வான்.

எல்லோருக்கும் பொதுவாக முளைத்ததைத் தனக்கென்று பூட்டி வைப்பவனுக்கு, ஆபத்து வரும்போது அவன் வீட்டுக்குள் இருப்பதுகூட உதவாது.