ஆவுடையப்பன் செஞ்ச மணை

ஒரு ஊர்ல ஒரு ஆசாரி இருந்தாரு, பேரு ஆவுடையப்பன். ம் கொட்டு, இல்லேன்னா இங்கயே நிறுத்திருவேன். ஆங், அப்படி! அவருக்கு ஒரே தங்கச்சி, கோமதி. கல்யாணமாகி சூரத்துக்குப் போனவதான், மூணு வருஷமா ஊருக்கு வரல. அங்கயே ஆம்பளப் பிள்ளையும் பொறந்துட்டு. தாய்மாமன் இன்னும் பிள்ளை மொகத்தையே பாக்கல. ஏக்கத்துல மனுசனுக்குச் சோறு எறங்கல, பாவம்.

அப்போ ஒருநாள் கோமதி போன் பண்ணினா. "அண்ணே, சித்திரையில வாறோம். உன் மடியில வச்சுத்தான் பிள்ளைக்குக் காது குத்தணும்."

"வா தாயி! பய நடக்கானா?"

"நடக்கான், விழுகான். எதுல பாத்தாலும் முட்டிக்கிடுதான்."

அப்புறம் ஆசாரி, காதுகுத்துக்கு உக்கார தேக்குல ஒரு மணை செஞ்சாரு. பாத்தா, நாலு மூலையும் கூரா நிக்கு. ஐயோ, பய நெத்தியில பட்டா? மூலையை உருட்டலாம்னா, வட்டம் போடுற கருவியோ உடைஞ்சு கெடக்கு. அப்போ என்ன செஞ்சாரு, ஒரு ரூபாக் காசை மூலையில, ரெண்டு ஓரமும் தொடுற மாதிரி வச்சு, சுத்தி பென்சிலால வரைஞ்சு, கரக் கரக்னு அறுத்தாரு. தன் நெத்தியாலயே முட்டிப் பாத்தாரு. ஆத்தாடி, இன்னும் குத்துது! அப்புறம் சோத்துத் தட்டை வச்சுப் பாத்தாரு. அந்த அளவுக்கு அறுத்தா மணையே அப்பளமாயிரும். அப்புறம் காப்பித்தூள் டப்பா மூடி. அளவு சரியாப் பொருந்திட்டு! நாலு மூலைக்கும் அதே மூடி. அறுத்து, உப்புத்தாள் போட்டு சர் சர்னு தேச்சு, திரும்ப முட்டினாரு. வலிக்கவே இல்ல.

ம்?

சித்திரையும் வந்துது, அவுகளும் வந்தாக. பய மாமன் மீசையைப் பாத்தான். வீல்! "மாமாகிட்ட வாடா"ன்னாரு, வீல்! மிட்டாயைக் காட்டினாரு, வீல்! மணையில வெறும் மடியோட உக்காந்துட்டாரு. இத்தனை நாள் காத்துக் கெடந்தது இதுக்குத்தானான்னு இருந்துது அவருக்கு.

அப்போ கோழியை வெரட்டிக்கிட்டு பய தத்தக்கா பித்தக்கான்னு ஓடி வந்தான். வந்தவன் தடுக்கி, ணங்! மணையில இல்ல, மாமன் முழங்கால் எலும்புல! நாலு மூலையை உருட்டின மனுசன், முழங்காலை உருட்டலையே!

ஓன்னு அழுதவனை வாரித் தூக்கித் தோள்ல போட்டாரு. "எங்கிட்ட தா"ன்னு கோமதி கை நீட்டினா. பய போகல, மாமன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதான். மாமனுக்கும் கண்ணுல தண்ணி. தொடைக்கணும்னா பிள்ளையை விட்டுக் கையை எடுக்கணுமே, எடுக்கல.

கதையும் ஆச்சு, கண்ணும் சொக்குது. தூங்கு.