துண்டு போட்ட இடம்

செண்பகா நகரின் கடைசித் தெருவில் ஒரு பிரார்த்தனைக் கூடம் இருந்தது. பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டுச் சாய்ப்பு, நாலு பாய், ஒரு விளக்கு, அவ்வளவுதான். அதை நடத்தி வந்தவர் குழல்வாய்மொழி என்ற அம்மையார். நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். ஆனாலும் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவரை ‘அம்மா’ என்றே கூப்பிட்டார்கள்.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் தணிகாசலம். வயது அறுபத்திரண்டு. மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது நகரின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். காலையில் கூடத்துக்கு வந்து அம்மா சொல்கிற நாலு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு போனால்தான் அவருக்கு அந்த நாள் நாளாக இருக்கும்.

ஒரு புதன்கிழமை காலை அவர் வந்தபோது அம்மா வாசல் சாக்கடையைக் குச்சியால் குத்தி விட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் மழையில் இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டிருந்தன.

“என்ன அண்ணா, முகம் வாடியிருக்கு?” என்றார் அம்மா, நிமிராமலே.

“பதினோரு மணிக்குக் கூட்டம்மா. பஸ் விஷயமா.”

பஸ் விஷயம் அந்த நகரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதினாலாம் நம்பர் பஸ் செண்பகா நகரிலிருந்து கிளம்பி டவுனுக்குப் போகிறது. நகரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு முகாம். இலங்கையில் சண்டை நடந்தபோது கடல் தாண்டி வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வந்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகள்கூடப் பிறந்துவிட்டார்கள். பஸ் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. தினமும் நடந்து வந்து செண்பகா நகரில்தான் ஏறுவார்கள். இனிமேல் பஸ் முகாமிலிருந்தே கிளம்பினால் என்ன என்று அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். அன்றைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம்.

கேட்டதுதான் தாமதம், நகர் இரண்டாகிப் போனது. ‘புத்தகப் பையோட அந்தப் பிள்ளைகள் வெயில்ல நடந்து வருதுங்களே, விட்டுக்கொடுத்தா என்ன?’ என்றார்கள் சிலர். ‘அங்க குடி வெச்சது சர்க்கார். அவங்க பொறுப்பு. பஸ் விடணும்னா தனியா விடட்டும். நம்ம பஸ்தானா கிடைச்சது?’ என்றார்கள் பலர். டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு, அக்காள் வீட்டுக்காரரும் தங்கை வீட்டுக்காரரும் முகம் பார்க்காமல் போகிற அளவுக்கு முற்றிவிட்டது.

“நீங்க என்ன சொல்லப் போறீங்க?” என்று அம்மா கேட்டார்.

தணிகாசலம் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். “வேண்டாம்னுதான். சங்கத்துக்காக எழுதி வெச்சிருக்கேன்.”

“சங்கத்துக்காகவா?”

அவர் பையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார். “விசாலத்துக்காகவும்தாம்மா.”

விசாலம் அவர் மனைவி. மூன்று வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பஸ் கிளம்புகிற இடம் வரை அவளால் நடக்க முடியாது. அதற்கு அடுத்த நிறுத்தமான பிள்ளையார் கோயிலை ஒட்டித்தான் வீடு. ஆனால் பஸ் கோயிலுக்கு வரும்போதே நிறைந்திருக்கும். அதனால் தணிகாசலம் முன்னதாகவே கிளம்புகிற இடத்துக்குப் போய், பெண்கள் பக்கத்தில் மூன்றாவது ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடுவார். போட்டுவிட்டுப் பின்வாசலில் ஏறி ஆண்களோடு நின்றுகொள்வார். கோயிலில் விசாலம் ஏறுவாள். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். மூன்று வருஷத்தில் அந்தத் துண்டு ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

“பஸ் முகாம்ல கிளம்பினா எல்லாச் சீட்டும் அங்கேயே நிறைஞ்சிரும். நான் யார் தலைமேல துண்டைப் போடறது? டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவளை ஆட்டோவுல கொண்டு வர்றதே என் பென்ஷனுக்குப் பெரிசு. போகும்போதாவது உக்காந்து போகட்டும்னு பாக்கிறேன்.”

“சரிதான்” என்றார் அம்மா.

“நேராவே கேக்கிறேம்மா. விசாலத்துக்கு நான் பொறுப்பு. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. எங்கிருந்தோ வந்தவங்களுக்கும் நான் பொறுப்பா?”

அம்மா குச்சியை ஓரமாகப் போட்டார். குழாயில் கையைக் கழுவினார். தணிகாசலம் பதிலுக்குக் காத்திருந்தார்.

“நானும் கூட்டத்துக்கு வரேன் அண்ணா. பஸ்லயே போயிருவோம்.”

இருவரும் பஸ் கிளம்புகிற இடத்துக்கு வந்தார்கள். அங்கே எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. நகர்க்காரர்கள் முன்னால் நிற்பார்கள். முகாமிலிருந்து நடந்து வந்தவர்கள், எத்தனை மணிக்கு வந்திருந்தாலும், வேப்பமரத்தை ஒட்டிப் பின்னால் நிற்பார்கள். யாரும் சொன்னதில்லை. அப்படியே பழகிவிட்டது.

பஸ் வளைந்து வந்து நின்றது. நிற்பதற்கு முன்பே தணிகாசலம் ஓடிப் போய், பழைய கைப்பழக்கத்தில் மூன்றாவது ஜன்னல் வழியாகத் துண்டை வீசினார். இன்றைக்கு அது அம்மாவுக்கு.

“அம்மா, வாங்க! இடம் போட்டாச்சு!”

அம்மாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், வேப்பமரத்தடியில் முகாம் பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“இவங்க எனக்கு முந்தி வந்தவங்க அண்ணா. ஏறட்டும்.”

“அம்மா, அப்புறம் ஏறவே முடியாது!”

“ஏறட்டும்.”

அம்மாவை விட்டுவிட்டு அவர் எப்படி ஏறுவார்? படிக்கட்டு வரை ஆள் நிறைந்தது. விசில் கேட்டது. பஸ் போய்விட்டது, துண்டோடு.

அடுத்த பஸ்ஸுக்கு அரைமணி நேரம். அம்மா மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்.

“கோவமா அண்ணா?”

“கோவம் என்னம்மா? புதுத் துண்டு. தீபாவளிக்கு எடுத்தது.”

அம்மா சிரித்துவிட்டார். தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பஸ் பிடித்து டவுன் நிலையத்தில் இறங்கியபோது, முந்தின பஸ்ஸின் கண்டக்டர் இசக்கிமுத்து அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். தணிகாசலத்தைக் கண்டதும் டம்ளரை வைத்துவிட்டு வந்தார்.

“சார்! இந்தாங்க உங்க துண்டு. அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கு? முடியலையா?”

“அவ நல்லாத்தான் இருக்கா. இன்னைக்கு அவ வரலை. யாராவது உக்காந்தாங்களா, இல்ல கீழ தள்ளிட்டாங்களா?”

“யாரு சார் உக்காருவா? டவுன் வரைக்கும் உங்க துண்டு மட்டும் ஹாயா உக்காந்து வந்துச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு, மாசமா இருக்கு, முகாம் பொண்ணு. அது கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கோயில் ஸ்டாப்புல அக்கா ஏறலைன்னதும் நான் சொன்னேன், ‘சார் பஸ்ஸை விட்டுட்டார், நீ உக்காரும்மா’ன்னு. கேக்கலையே! போன மாசம் துண்டைப் போட்டுட்டு, ஏற முடியாம நீங்க பஸ்ஸை விட்டுட்டு, ஆட்டோ பிடிச்சு மார்க்கெட்ல வந்து அக்காவை ஏத்தலையா? அதை ஞாபகம் வெச்சிருக்கு. ‘மார்க்கெட்ல ஏறுவினம் அண்ணா, பொறுங்கோ’ங்குது. மார்க்கெட்டும் போச்சு. அதுக்கப்புறம் உக்காரச் சொன்னா, ‘இனி ரெண்டு நிறுத்தம்தானே’ங்குது.”

தணிகாசலம் துண்டை வாங்கினார். தோளில் போடவில்லை.

“துண்டு கிடந்தா மரியாதைதான்” என்றார், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

இசக்கிமுத்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “துண்டுக்கா? நல்லா சொன்னீங்க போங்க. நீங்க பின்னாடி ஆம்பளைங்க கூட்டத்துல நிக்கிறீங்க, முன்னாடி நடக்கிறது உங்களுக்கு எங்க தெரியும்? உங்க தெருக்கார அம்மாவே ரெண்டு தடவை துண்டைத் தள்ளிட்டு உக்காந்தாங்க. எழுப்பி விட்டது இந்த முகாம் பொம்பளைங்கதான். ‘அது வருத்தக்காரியின்ட இடம், எழும்புங்கோ’ன்னு ஒரே சண்டை. நோயாளியை அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கோயில் வர்ற வரைக்கும் யாராவது ஒருத்தி அந்தச் சீட்டை மறிச்சுக்கிட்டேதான் நிப்பா. மூணு வருஷமா பாக்கிறேனே.”

இதைச் சொல்லிவிட்டு அவர் டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

கூட்டம் நடக்கிற அலுவலகத்துக்கு இருவரும் நடந்தே போனார்கள். தணிகாசலம் துண்டைச் சுருட்டிக் கையிலேயே வைத்திருந்தார்.

கூட்ட அரங்கில் நகர்க்காரர்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். சங்கத்தின் பொருளாளர் கனகசபாபதி இடம் காட்டினார். “வாங்க சார். நீங்கதான் முதல்ல. நல்லா ஓங்கி அடிங்க. அப்புறம் அவங்க வாயைத் திறக்கக் கூடாது.”

தணிகாசலம் உட்காரப் போனபோது ஒரு பெண் பின்னாலிருந்து மெல்ல நடந்து வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மாசமாக இருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“ஐயா, அக்காவுக்கு என்ன? இண்டைக்குக் காணேல்லை?”

அவர் துண்டை முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். “இன்னைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரி நாள் இல்லம்மா. செவ்வாய், வெள்ளிதான்.”

“அட, இண்டைக்குப் புதன் எல்லோ! அப்ப துண்டு?”

“அது… இவங்களுக்காகப் போட்டேன்.”

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கடவுளே! நான் வீணா நிண்டு வந்தனே! இதைச் சொன்னா முகாமில ஒரு கிழமை முழுக்கச் சிரிப்பினம்.” சிரித்துக்கொண்டே இடுப்பைப் பிடித்தபடி பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

“செண்பகா நகர் செயலாளர், தணிகாசலம்!” என்று மேடையில் அழைத்தார்கள்.

அவர் போனார். தாளைப் பிரித்தார். மூன்று காரணம் எழுதியிருந்தார். மூன்றாவதில் விசாலத்தின் பெயர் இல்லை. ‘நோயாளிகளும் முதியோரும் இடமின்றி அவதிப்பட நேரும்’ என்று அழகாக எழுதியிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எதிர்ப்புதானே சார்? பதிவு பண்ணிக்கலாமா?” என்றார் அதிகாரி.

“கொஞ்சம் இருங்க சார்.” தாளை நான்காக மடித்தார். “இதுல மூணாவதா எழுதியிருக்கிறது சரியில்லைன்னு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிதான் தெரிஞ்சுது. மத்த ரெண்டையும் படிக்க வாய் வரலை. வண்டி முகாம்லயிருந்தே கிளம்பட்டும். இது சங்கத்தோட கருத்து இல்ல சார். என்னோடது. அப்படியே எழுதிக்கோங்க.”

அரங்கில் ஒரே கூச்சல். “இதுக்குத்தான் உங்களை அனுப்பினோமா?” என்றார் ஒருவர். கனகசபாபதி எழுந்து நின்றே சொன்னார்: “ரொம்ப சந்தோஷம்! முகாம்லயும் ஒரு சங்கம் வெச்சு, அதுக்கும் நீங்களே செயலாளரா இருந்துக்கோங்க!” முன்வரிசை சிரித்தது. அதிகாரி மேசையைத் தட்டி, எல்லாரையும் கேட்டபிறகுதான் முடிவு என்றார்.

தணிகாசலம் இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பதவி போயிரும்மா.”

“ம்.”

“அது போகட்டும். வெள்ளிக்கிழமை விசாலம் நிக்கும்படி ஆயிட்டா? வீட்டுல போய் என்ன சொல்லுவேன்?”

மேடையில் அடுத்த பெயரை வாசித்தார்கள். முகாம் சார்பாகப் பேச அந்தப் பெண்தான் எழுந்தாள். முன் நாற்காலியைப் பிடித்து, மூச்சு வாங்கி, நடக்க ஆரம்பித்தாள்.

தணிகாசலம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “செஞ்சது செஞ்சாச்சு. ஆனா நீங்க எனக்குப் பதிலே சொல்லலையேம்மா. இவங்களுக்கு நான் பொறுப்பா, இல்லையா?”

அம்மா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேடைப் படியில் கால் வைக்கும் வரை பார்த்தார்.

“உங்க வீட்டம்மாவுக்கு நீ பொறுப்பான்னு அவகிட்ட இந்த மூணு வருஷமா யாரும் கேக்கலையே அண்ணா.”