வடக்கே தலை வைக்காத படலம்

ஆலங்கரைப் பொறியியல் கல்லூரியில் நானோ ஆய்வகம் என்று ஓர் அறை உண்டு. அதில் பேராசிரியர் சிகாமணியும் அவருடைய உதவியாளர்கள் மூன்று பேரும் இருந்தார்கள். மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். சிக்கலே அதுதான்.

அந்த அறையின்மேல் கேன்டீன்காரருக்கு ஒரு கண். மாவு கிரைண்டர் வைக்க அவருக்கு இடம் போதவில்லை. வெள்ளிக்கிழமை ஆய்வு அதிகாரி வரும்போது உருப்படியாக ஒரு கார்பன் படலம் செய்து காட்டாவிட்டால் அறை கிரைண்டருக்குத்தான் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சிகாமணியின் மைத்துனர் வீட்டில் கிரகப்பிரவேசம்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "கார்பன் நானோகுழாயெல்லாம் இந்தச் சோப்புத் தண்ணியில மிதக்குது. வடிகட்டி வழியா மெதுவா இறக்குங்க. தண்ணி போயிரும், குழாய் மேல படலமாத் தங்கிரும். வடிதாள்ல கோடு போட்டிருக்கேன். கோட்டோட வாக்குலயே எல்லாம் ஒரே திசையில படுத்துரும். அதிராமப் பாத்துக்கோங்க."

அவர் தலை மறைந்ததும் ஆவுடையப்பன் கவலையோடு கேட்டான்.

"ஒரே திசை, சரி. எந்தத் திசை?"

"எதுவா இருந்தா என்ன?" என்றான் மாசானம்.

"என்னவா? வடக்கே தலை வச்சுப் படுத்தா விளங்குமாடே?"

மூவருக்கும் திக்கென்றது.

"அப்பத் தெக்கே தலை வைப்போம்."

"தலை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்றாள் சங்கரவடிவு. மூவரில் அவள்தான் படித்து முதல் மதிப்பெண் வாங்கியவள். "ரெண்டு முனையும் ஒண்ணு போலத்தான் இருக்கு. பாதிப் பேரு மாத்திப் படுத்துட்டா அவ்வளவு பேரும் வடக்கேல்லா தலை வச்சிருப்பாங்க?"

நெடுநேரம் யோசித்து, கிழக்கு மேற்காகப் படுக்க வைப்பது என்று முடிவாயிற்று. அப்படிப் படுத்தால் எந்த முனை தலையாக இருந்தாலும் பழுதில்லை. திசைகாட்டி இரவல் வாங்கி வந்து, கோடு கிழக்கு மேற்காக வரும்படி வடிகட்டியைத் திருப்பினார்கள். பிறகு அதிராமல் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் மாசானத்துக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தான்.

எப்படியோ படலம் அருமையாகவே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அதிகாரி கோதண்டராமன் வந்தார். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்குப் பெட்டிமேல் கிடந்த படலத்தைக் குனிந்து பார்த்தார்.

"இப்ப இருட்டாத் தெரியுது. குறுக்கே திருப்பினா வெளிச்சமாத் தெரியணும். அப்பத்தான் எல்லாக் குழாயும் ஒரே திசையில இருக்குன்னு அர்த்தம்" என்று கையை நீட்டினார்.

சங்கரவடிவு பாய்ந்து தடுத்தாள். "ஐயா, திருப்பினா தலை வடக்கே போயிரும்!"

"திருப்பாம எப்படிம்மா பார்க்கிறது? முடியாதுன்னா அறையைக் கேன்டீனுக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்."

மூவரும் மூலையில் கூடிப் பேசினார்கள்.

"படலம்தானே திரும்பக்கூடாது? ஐயா திரும்பலாம்லா?"

அதிகாரி சுதாரிப்பதற்குள் இருவர் தோளையும் ஒருத்தி காலையும் பிடித்து, படலத்துக்கு மேலே அவரைக் குப்புறத் தூக்கிவிட்டார்கள். மேசையைச் சுற்றி நடந்து வந்தாலே போதும் என்பது அவருக்கும் தோன்றவில்லை. "ஐயோ, இறக்குங்க!" என்று அலறினார். அவர் தலை தெற்கே வரும்படி பார்த்துப் பதமாகத்தான் திருப்பினார்கள்.

"இறக்குங்... அட! வெளிச்சமாயிருச்சே! பிரமாதம்!" என்றார் அதிகாரி. "அறை உங்களுக்குத்தான்!"

திங்கட்கிழமை சிகாமணி திரும்பி வந்தார். ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. உதவியாளர்கள் மூவரும் கேன்டீனில், ஓடுகிற கிரைண்டருக்குப் பக்கத்தில் வடிகட்டியின் உறிஞ்சு பம்ப், குடுவைகள் எல்லாவற்றையும் பரப்பி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார இடமில்லாமல் கேன்டீன்காரர் வாசலில் நின்றார்.

சிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அறை போயிருச்சா?"

"இல்ல சார், நம்மகிட்டதான் இருக்கு. உள்ள படலம் படுத்திருக்கு. நாம பம்ப் போட்டா அதிருமே, பாவம். அதான் நாங்க இங்க வந்துட்டோம்."

சிகாமணி அங்கிருந்த மாவு டப்பாவின்மேல் உட்கார்ந்து சற்று யோசித்தார்.

"உள்ள ஏசி ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்பப் போர்வை போர்த்துனீங்களா?"