அழுங்கும் பெரிய திரையும்

நாவற்குளத்தின் கரையில் ஓர் அழுங்கு வாழ்ந்தது. உடம்பெல்லாம் செதில், நீண்ட நகம், மங்கலான கண். எறும்பும் கரையானும்தான் அதற்குச் சாப்பாடு. யாராவது மனம் நோகப் பேசிவிட்டால் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லாது. பந்துபோல் சுருண்டுகொள்ளும்.

குளத்துக்கு மேலே ஒரு மேட்டில், மனிதர்கள் விட்டுப்போன ஓட்டு வீடு இருந்தது. அதற்குள் ஒரு மேசை. மேசைமேல் ஒரு கணினி. கூரைமேல் ஒரு சோலார் தகடு. பகலெல்லாம் அது வெயிலைக் குடித்து ஒரு பேட்டரியில் சேர்த்து, இரவிலும் கணினிக்குக் கொடுத்தது.

அழுங்கு அந்தக் கணினியைக் கண்போலக் காத்தது. மேசையைக் கரையான் அரிக்கவில்லை. அரிக்க வந்த கரையானையெல்லாம் அழுங்கு தின்றுவிட்டது.

மேகம் எங்கே திரள்கிறது, எந்தச் சரிவில் அத்தி பழுத்திருக்கிறது, காட்டுத்தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டு விலங்குகள் அங்கே வரும். வாசலில் ஒரு கோணிச்சாக்கு கிடக்கும்.

"காலைத் துடைச்சிட்டு வா!" என்று உள்ளேயிருந்து அழுங்கு குரல் கொடுக்கும்.

"துடைச்சாச்சு மாமா!"

"நாலு காலையும் துடைச்சியா?"

மான் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப்போய்ப் பின்னங்கால்களையும் துடைக்கும். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். யார் வீட்டில் குட்டி பிறந்தது, யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் தெரியவரும். அழுங்கு கணினியைப் பார்த்தபடியே ஒரு காதை வரிசையில் வைத்திருக்கும்.

ஒரு கோடையில், நரி ஒரு சாக்கு நிறையச் செல்போன்களைக் கொண்டுவந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நரியிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

அதன்பிறகு மேட்டுக்கு வரும் தடத்தில் புல் முளைத்தது. கோணிச்சாக்கு சுத்தமாகவே கிடந்தது.

ஒருநாள் மந்தி அந்தப் பக்கம் தாவிப் போயிற்று.

"என்னம்மா, மேகம் பாக்க வரலையா?" என்று அழுங்கு கேட்டது.

"மேகம் என் கையிலேயே இருக்கு மாமா!" மந்தி போனை ஆட்டிக் காட்டியது. "உங்க பெட்டியைப் பாக்கணும்னா நாங்க மேடு ஏறி வரணும். காலைத் துடைக்கணும். வரிசையில நிக்கணும். திட்டும் வாங்கணும். இது எங்க போனாலும் கூடவே வருது. மரத்துமேல இருந்தும் பேசலாம்!"

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அழுங்குக்கு அவ்வளவு வலித்தது. அது சுருண்டுகொண்டது.

எல்லோரிடமும் போன் இருந்தது. தலைமை யானையிடம் மட்டும் இல்லை. அதற்குக் கொடுத்த போன் முதல் நாளே காலடியில் பட்டு அப்பளமாகிவிட்டது.

அந்த வருடம் வெயில் கொளுத்தியது. நாவற்குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. ஒரு காலையில் குளத்தின் நடுவே இருந்த ஆமைப்பாறை கழுத்தை வெளியே நீட்டியது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆமைப்பாறையின் கழுத்து தெரிந்தால் வேறு தண்ணீர் தேடிப் புறப்பட வேண்டும். வழியில் கருகல் மேடு என்று ஒரு மொட்டைப் பாறைக்காடு இருக்கிறது. அதைத் தாண்டும்வரை சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. ஆகவே, புறப்படும் காலையில் எல்லோரும் வயிறு முட்டக் குடித்துக் குளத்தை வற்றவைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். கிளம்பியபின் திரும்பி வருவதில்லை. திரும்பினால் இங்கே சேறுகூட மிஞ்சியிருக்காது.

தண்ணீர் தேடி நரி, மான், காட்டுப்பன்றி, மந்தி நான்கும் ஆளுக்கொரு வழியில் போயின. வழியிலிருந்தே படம் அனுப்பிவிட்டுத் திரும்பின.

"மேற்கே ஒரு குளம்!" என்றது நரி.

"மூங்கில் ஓரமா ஒரு குளம்!" என்றது மான்.

"பாறைக்குக் கீழே ஒண்ணு!" என்றது காட்டுப்பன்றி.

"நானும் ஒண்ணு பாத்துட்டேன்!" என்றது மந்தி.

காடே கூத்தாடியது. இரவெல்லாம் படங்கள் போனுக்குப் போன் தாவின. முயல் மானுக்கு அனுப்பியது. மான் மிளாவுக்கு அனுப்பியது. மிளா மறுபடி முயலுக்கே அனுப்பியது. விடிவதற்குள் ஏழு குளம் என்றுகூட ஒரு பேச்சு வந்துவிட்டது. பன்றிக் கூட்டத்துக்குப் பொறுமை போதவில்லை. தங்கள் பங்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குட்டிகளோடு விடியும்போதே புறப்பட்டுவிட்டது.

மற்றவர்கள் மறுநாள் காலையில் கிளம்புவதாக முடிவாயிற்று. கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அதை அழுங்கிடம் சொல்ல மந்தி மேடு ஏறி வந்தது.

"மாமா, கோபப்படாதீங்க. எல்லாப் போனும் சார்ஜ் இறங்கிக் கிடக்கு. இதுவரைக்கும் நரி எங்கேயோ கொண்டுபோய் சார்ஜ் போட்டுத் தந்துது, இன்னிக்கு அதுக்கு நேரமில்ல. வழியில போன் வேணும். இருக்கிறது ஒரே தகடு, அதுல வர்றது ஒரே வயர். இன்னிக்கு உங்க பெட்டியில இருந்து அதைப் பிடுங்கிடணும்னு சொல்லிட்டாங்க."

அழுங்கு கணினியைத் திரும்பிப் பார்த்தது. பழைய பெட்டி. ஒருமுறை அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமோ, எழுந்திருக்காதோ? அதனால்தான் அது கணினியை ஒருநாளும் அணைத்ததில்லை.

"பிடுங்குறது யாரு?"

"நீங்களே பிடுங்கிட்டா நல்லதுன்னு…" மந்தி தலையைக் குனிந்துகொண்டது.

அழுங்கு சுருளத் தொடங்கியது. பாதி சுருண்டபோது தரை அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய காது அசைந்தது. தலைமை யானை வந்திருந்தது.

"உள்ளே வர முடியாது தம்பி. தலையை மட்டும் நீட்டுறேன்" என்றது யானை. "ஆனா காலைத் துடைச்சிட்டேன்."

அழுங்கு மெல்லப் பிரிந்தது.

"நாளைக்கு எல்லாரையும் நான்தான் கூட்டிட்டுப் போகணும். குளத்துப் படத்தைக் காட்டுன்னு இந்தப் பொண்ணைக் கேட்டேன். காட்டினா. என் கண்ணுக்கு அது வெறும் கடுகு! ஒண்ணு வந்தா முன்னால பாத்தது ஓடிப்போகுது. உன் திரையில பெரிசாப் போட்டுக் காட்டு."

அழுங்கு மந்தியின் போனிலிருந்து படங்களைக் கணினிக்கு அனுப்பவைத்தது. படங்கள் திரைக்கு வந்து சேர்ந்ததும் போன் ஒருமுறை முனகிவிட்டுக் கறுத்துப்போனது. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அழுங்கு நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. கண் மங்கல் என்பதால் திரையில் மூக்கு உரசும்படி நெருங்கிப் பார்த்தது.

நரியின் படத்தில் இடது ஓரத்தில் ஒரு பட்ட மரம். அதில் மூன்று தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. நடுக்கூடு அறுந்து பாதியாக இருந்தது.

மானின் படத்தில் வலது ஓரத்தில் ஒரு பட்ட மரம். மூன்று கூடுகள். நடுக்கூடு பாதி.

பன்றியின் படத்தில் அந்த மரம் தூரத்தில் சுண்டுவிரல் அளவுக்குத் தெரிந்தது. மந்தியின் படத்தில் மரமே இல்லை. தண்ணீரில் நிழல் மட்டும் தலைகீழாக விழுந்திருந்தது. நிழலிலும் மூன்று கூடுகள். நடுக்கூடு பாதி.

அழுங்கின் நகங்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன.

யானைக்கு அது தெரியவில்லை. மந்தி செத்த போனைத் தட்டிக்கொண்டிருந்தது. பார்த்தது அழுங்கு மட்டும்தான்.

"நாலும் நல்ல குளமாத் தெரியுது. போகலாம் இல்ல, தம்பி?" என்று யானை கேட்டது.

அழுங்கு வயரைத் திரும்பிப் பார்த்தது.

அதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம். புல்நுனிப் பனியும் புற்றின் ஈரமும் போதும். இவர்கள் போய்விட்டால் தகடும் அதற்கு, வயரும் அதற்கு, பெட்டியும் அதற்கு. யாரும் எதையும் பிடுங்கச் சொல்ல மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் எல்லோரும் இங்கேயே இருப்பார்கள். அவர்களுடைய போன்களும் இங்கேயே இருக்கும். ஒரு வார்த்தை போதும். 'போகலாம் பெரியம்மா' என்று சொன்னால் தீர்ந்தது.

வாசலில் கோணிச்சாக்கு கிடந்தது. அதன்மேல் யானையின் காற்சுவடு ஒன்று ஈரமாகப் பதிந்திருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அதில் மண் ஒட்டியிருந்தது.

"போகக் கூடாது பெரியம்மா!" என்றது அழுங்கு. "இது நாலு குளம் இல்ல. ஒரே குளம். நாலு பக்கத்தில இருந்து நாலு பேர் எடுத்திருக்காங்க!"

மந்தி துள்ளி எழுந்தது. "அப்போ என் படம் பொய்யா? நான் நேர்ல போய் எடுத்தது!"

"உன் படம் நிஜந்தாம்மா. நாலு படமும் நிஜம். குளம்தான் ஒண்ணு. இங்க பாரு, இந்தக் கூட்டைப் பாரு."

மந்தி பார்த்தது. நான்காவது படத்தில் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிய பாதிக் கூட்டைக் கண்டதும் அதன் வால் தொங்கிப்போனது.

"இதை நூறு தடவை பாத்தேன் மாமா. ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பாத்தேனே தவிர…"

"நானும் தனித்தனியாப் பாத்திருந்தா நாலுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றது அழுங்கு.

திடீரென்று யானை ஜன்னல் சட்டம் ஆடும்படி தலையை நிமிர்த்தியது. "ஐயோ, பன்றிக் கூட்டம்! குட்டிகளோட போயிருக்கே! அந்த ஒரு குளம் மான் கூட்டத்துக்குத்தான் காணும். கூப்பிடு, கூப்பிடு!"

மந்தி கறுத்துப்போன போனைக் காட்டியது. "இங்க எல்லார் போனும் இப்படித்தான் கிடக்கு, பெரியம்மா. ராத்திரியெல்லாம் படம் அனுப்பியே தீத்துட்டோம். பன்னியண்ணன் போன்ல மட்டும்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கும்."

ஓடிப்போய் மறிக்கலாமா? யானை நடந்து சேர்வதற்குள் பன்றிகள் கருகல் மேட்டைத் தாண்டிவிடும்.

இருப்பது ஒரே வயர். மந்தி வயரைப் பார்த்தது. ஆனால் கையை நீட்டவில்லை.

அழுங்கு தன் நீண்ட நகத்தால் வயரைப் பிடுங்கியது.

திரை அணைந்தது. பெட்டிக்குள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த சிறு முனகல் நின்றது. கறுத்த திரையில் அழுங்கு தன் முகத்தையே முதல்முறையாகப் பார்த்தது. இவ்வளவு சிறிய முகமா என்று நினைத்துக்கொண்டது.

"இந்தா, சீக்கிரம் போடு!" என்று வயரை மந்தியிடம் நீட்டியது.

போன் கண்விழித்ததும் மந்தி கத்தியது: "பன்னியண்ணே! திரும்புங்க!"

"எவன்டா அது? மேட்டுல பாதி ஏறியாச்சு!"

"நான் மந்தி பேசறேன். நாலு குளம் இல்ல அண்ணே, ஒண்ணுதான் இருக்கு!"

"அப்போ மிச்சம் மூணு குளத்தை யார் குடிச்சது?"

"யாரும் குடிக்கல. நாமதான் ஒண்ணையே நாலா எண்ணிட்டோம். குட்டிகளைத் திருப்புங்க அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

மூச்சிரைப்பு கேட்டது. பிறகு பன்றி யாரையோ அதட்டியது. "எல்லாரும் திரும்புங்க! அட, திரும்புங்கங்கறேன்!"

பொழுது சாய்வதற்குள் பன்றிகள் நாக்குத் தொங்க வந்து சேர்ந்தன. குளத்தில் அவற்றுக்குத் தண்ணீர் இருந்தது. யாரும் அதை வற்றவைத்திருக்கவில்லை.

யானை, காய்ந்த ஓடையில் மணலைக் கிளறி ஊற்றுத் தோண்டியது. யானையின் கால் நுழையாத ஆழத்தில் அழுங்கின் நகம் தோண்டியது. மான்கள் மட்டும் அந்த ஒற்றைக் குளத்துக்குப் போயின. யார் எப்போது குடிப்பது என்று முறை வைத்தார்கள். 'முயல் குடிச்சாச்சு, மிளா வரலாம்' என்று போன்கள் சொல்லிக்கொண்டேயிருந்தன. போன் இல்லையென்றால் ஊற்றடியில் கொம்பும் தந்தமும் முட்டியிருக்கும். அழுங்கே அதை ஒப்புக்கொண்டது.

ஆனால், வயர் போன்களிடமே இருந்தது. அழுங்கு இருண்ட திரைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. யாரும் மனம் நோகப் பேசியதால் அல்ல. சும்மாதான்.

மழை வந்தது. ஆமைப்பாறை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. வெயில் திரும்பிய ஒரு காலையில், மந்தி வயரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தது. "இனிமே முறை வெச்சுக்கலாம் மாமா. முன்வெயில் உங்களுக்கு. உச்சிக்கு மேல எங்களுக்கு."

அழுங்கு வயரைச் செருகியது. பொத்தானை அழுத்தியது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தியது. மூன்றாம் முறை, தூங்கி எழுந்தவர் தொண்டையைச் செருமுவதுபோல் பெட்டி செருமியது. திரை மெல்ல வெளுத்தது.

பழைய வரிசை திரும்பி வரவில்லை. மேட்டுத் தடத்தில் இன்னும் புல் முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் எப்போதாவது, ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்துப் பார்க்கவேண்டிய நாளில், யாராவது போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேடு ஏறி வருகிறார்கள். நேற்று மந்தி வந்தது.

"காலை…" என்று அழுங்கு ஆரம்பித்தது.

"நாலையும் துடைச்சாச்சு! வாலையும் துடைச்சாச்சு!" என்றது மந்தி.

கையோடு வரும் சிறிய கருவி ஊரை ஒன்றாய் அழைக்க உதவும், ஓரிடத்தில் இருக்கும் பெரிய திரை பலதையும் ஒன்றாய்ப் பார்க்க உதவும். புதியது வந்ததென்று பழையதை அணைத்துவிடுகிறவர்கள், ஒரு குளத்தை நாலென்று எண்ணித் தாகத்தோடு நடக்கவேண்டியிருக்கும்.