ஆமை மட்டும் கேட்கவில்லை

ஒரு முள்ளம்பன்றி கரடியின் சரிவை வாடகைக்கு எடுத்துக் கிழங்குத் தொழில் நடத்தியது. நாலு பெருச்சாளிகள் அதனிடம் கூலிக்குத் தோண்டின.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. கூலி பத்துக் கிழங்கு என்றால் முதலாளி ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பௌர்ணமிதோறும் அதை அவரவர் பேரில் ஆமையின் குகையில் சேர்க்க வேண்டும். அடிபட்டுப் படுத்தவர்களுக்கு அங்கிருந்துதான் சாப்பாடு.

அந்த வருஷம் மழை இல்லை. கிழங்கெல்லாம் விரல் பருமன்தான். கரடி வாடகை கேட்டு வாசலில் நின்று உறுமியது. சுமை தூக்கும் குரங்கு, பாக்கி வராவிட்டால் இனி தூக்க மாட்டேன் என்றது. ஆமை மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதனால் முள்ளம்பன்றி, பிடித்த கிழங்கைக் கரடியிடம் கொடுத்தது. அடுத்த மாதம் குரங்கிடம். மழை வந்ததும் மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று நினைத்தது. திருடுகிறோம் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

இப்படி ஆறு பௌர்ணமி போனது.

ஒருநாள் சரிவில் மண் சரிந்து செவலைப் பெருச்சாளியின் கால் ஒடிந்தது. வீட்டில் ஐந்து குட்டிகள். ஊர்ந்து ஊர்ந்து குகைக்குப் போனது. ஆறு மாதமாக உன் பேரில் எதுவும் வரவில்லையே என்றது ஆமை.

செவலை முதலாளியிடம் வந்தது. ஆமையும் பின்னாலேயே வந்தது.

"அண்ணே, என் கூலியில பிடிச்சீங்களே, அது எங்க?"

"தொழிலைக் காப்பாத்தப் போட்டுட்டேன்டா. தொழில் நின்னா உனக்கும்தான கஷ்டம்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

முள்ளம்பன்றி ஆமையின் பக்கம் திரும்பியது. தொழிலை இன்றே மூடிவிடுகிறேன், அதோடு கணக்கும் முடிந்தது என்று ஆமையிடம் சொன்னது.

"தொழிலை மூடு, வேண்டாங்கல. ஆனா பிடிச்சது உன் கை. அந்தக் கடன் உன்னை விட்டு எங்க போகும்? முதல் மாசமே வந்து முடியலன்னு சொல்லியிருந்தா, கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுன்னு சொல்லியிருப்பேன்."

ஆமை முள்ளம்பன்றியின் வளைக்குள் போய், அதன் பிள்ளைகளுக்காக வைத்திருந்த கிழங்கை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னது. செவலையின் கால் எலும்பு கூடிவர நாற்பது நாள் ஆகும். இருந்ததோ இருபத்தைந்து நாளுக்குத்தான் வந்தது. மீதிக்கு முள்ளம்பன்றி காய்ந்த மண்ணில் தானே இறங்கித் தோண்டியது.

உழைத்தவன் கூலியில் பிடித்தது உன் பணம் அல்ல. எந்த நெருக்கடியிலும் அதைத் தொடாதே.