பதினேழு நிமிடங்கள்

காலை 7.25. மைதானத்தில் பதினொரு பேர். பயிற்சி தருகிறவள் பெயர் பியூலா.

ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையில் அவளிடம் நெடுந்தூர ஓட்டம் பழகுகிறவர்கள் பதினாறு கிலோமீட்டர் முடித்துவிட்டுப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பியூலாவுக்கு முப்பத்தொரு வயது. ஒரு காலத்தில் மாநில அளவில் ஐயாயிரம் மீட்டர் ஓடியவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைத்தது. திருச்செந்தூர் பாதையில் ஒரு லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர். அதிகம் பேசமாட்டாள். கேட்டால் மட்டும் பதில் சொல்வாள், அதையும் உடனே சொல்லமாட்டாள்.

ஆவுடைச்செல்விக்கு முப்பத்தொன்பது. பியூலாவைவிட எட்டு வயது மூத்தவள். ஆனாலும் 'கோச்' என்றுதான் கூப்பிடுவாள். தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். திருநெல்வேலிக் குளங்களில் வளரும் நீர்ச்செடிகளைப் பற்றியது. நான்கு இயல்கள் முடிந்திருந்தன. ஐந்தாவது இயல் ஏழு மாதமாக நின்ற இடத்திலேயே நின்றது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு செப்டம்பர் 30 வரை. அது தாண்டினால் பதிவு ரத்து.

"இன்னைக்கு எவ்வளவு, டாக்டரம்மா?" என்றார் சங்கரபாண்டியன். லேத் பட்டறைக்காரர், ஐம்பத்திரண்டு வயது. பட்டம் வருவதற்கு முன்பே அவளை அப்படிக் கூப்பிடுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஆவுடை கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒண்ணு முப்பத்தெட்டு, அண்ணாச்சி."

"நான் ஒங்களுக்கு முன்னால வந்தேன். எனக்கு ஒண்ணு நாப்பத்தொம்பதுன்னு காட்டுது."

"உங்க வாட்ச் பழசு."

"வாட்ச் பழசுதான். ரோடு ஒரே ரோடுதானே."

கூட ஓடுகிற நர்ஸுகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆவுடையும் சிரித்துவைத்தாள். மனசு சிரிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு நாகர்கோவிலில் நடந்த அரை மராத்தானில் அவள் இரண்டு மணி இருபத்துநான்கு நிமிடத்தில் வந்து சேர்ந்திருந்தாள். பயிற்சியில் அதே தூரத்தை மூன்று ஞாயிறு தொடர்ந்து இரண்டு மணி பத்து நிமிடத்தில் ஓடியவள். அந்தப் பதினான்கு நிமிடம் எங்கே போனது என்று பதினைந்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். ஆய்விலிருந்து விலகிக்கொள்வதாகப் பதிவாளருக்கு எழுதியது. கையெழுத்து போட்டிருந்தது. தேதி மட்டும் போடவில்லை.

பியூலா அதை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கொடுக்கப் போறியளா?"

"தெரியல கோச். ஆராய்ச்சி கைடு ஓட்டத்தை விடச் சொல்லுதாரு. ஆறு மாசம் ஷூவைத் தொடாதீங்கம்மாங்காரு. நாத்தனார் ரெண்டையும் விடச் சொல்லுதா. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, அதுதான் பயமா இருக்கு."

"ஒங்க மாமியார்?"

"ஏழரை மணிக்கு எனக்குச் சர்க்கரை ஊசி போட்டுட்டு எங்க வேணாலும் ஓடும்மான்னாங்க."

பியூலா கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு முப்பத்தொன்று. "அப்பம் கெளம்புங்க."

"கோச், எதை விடணும்னு நீங்க சொல்லுங்க. நான் கேக்கேன்."

"மத்தியானம் ரெண்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்டு. கேட்டுக்கு வாரியளா?"

மத்தியானம் ஆவுடை கேட்டுக்குப் போனாள்.

கேட் அறைக்குள் வெளியாட்களை விடக்கூடாது. பியூலா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டாள். "இங்கன உக்காருங்க. கேட் எத்தனை நிமிஷம் சாத்தியிருக்குன்னு மட்டும் எழுதுங்க."

அறையில் தொலைபேசி அடித்தது. பியூலா எடுத்து, அந்தப் பக்கம் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லி, பதிவேட்டில் எழுதினாள். வெளியே வந்து கைப்பிடியைச் சுற்றினாள். தடுப்பு இரண்டு பக்கமும் இறங்கியது. பூட்டினாள். பச்சைக்கொடியை எடுத்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று முறை கேட் சாத்தப்பட்டது. ஆறு நிமிடம், நான்கு நிமிடம், பதினோரு நிமிடம். மூன்றாவது ரயில் தாமதம். சாலையில் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பைக்கில் வந்த ஒருவன் பியூலாவைப் பார்த்து, "ரயிலையே காணும், அதுக்குள்ள எதுக்கு மூடுதிய?" என்று கத்தினான். பியூலா கொடியை மறு கைக்கு மாற்றினாள். அவன் இன்ஜினை அணைத்தான், போட்டான், மறுபடி அணைத்தான்.

ரயில் போனது. தடுப்பு ஏறியது. கூட்டம் கலைந்தது.

"எழுதிட்டியளா?"

"ஆறு, நாலு, பதினொண்ணு."

"அந்தப் பதினோரு நிமிஷம் இங்கன என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. எல்லாரும் நின்னாங்க."

"எல்லாருமா?"

ஆவுடை யோசித்தாள். "ஆட்டோக்காரர் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு சாப்பிட்டாரு. ஒரு அம்மா முருங்கைக்கீரை ஆஞ்சாங்க. பாதிக் கட்டு முடிச்சிட்டாங்க. அந்தப் பைக்குக்காரன் ஒங்கள ஏசினான்."

"அவன் எப்பமும் ஏசுவான். ஒங்க வாட்ச்சைக் கழட்டுங்க."

ஆவுடை கழற்றிக் கொடுத்தாள்.

"காலையில நாம இந்தக் கேட்டைத் தாண்டித்தானே ஓடுனோம். கேட் சாத்தியிருந்துச்சு. நீங்க என்ன செய்தீய?"

"வாட்ச்சை நிறுத்தினேன். நிக்கிற நேரம் ஓட்டத்துல சேராதே."

"வேற எங்கெங்க நிறுத்துனிய?"

"மக போன் பண்ணினா, மாவு எங்க இருக்குன்னு. அப்புறம் தண்ணி குடிக்க. அப்புறம் கைடுகிட்ட இருந்து ஒரு மெசேஜ்." அவள் விரலை மடக்கினாள். "ஷூ கயிறு. மறுபடியும் மக."

"இதுல மொத்த நேரம்னு ஒண்ணு இருக்கும். பாத்திருக்கியளா?"

"அதைப் பாக்குறதில்ல."

பியூலா கடிகாரத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டு அவளிடமே நீட்டினாள். மே 26, ஞாயிறு. இருபத்தொரு கிலோமீட்டர். ஓடிய நேரம் 2:10. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், மொத்த நேரம் 2:27.

ஆவுடை ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாள்.

"பதினேழு நிமிஷம்," என்றாள்.

"நின்னப்ப மூச்சு வாங்குனது யாரு?"

"நான்தான்."

"நாகர்கோவில்ல அந்த மூச்சை யாரு குடுப்பா?"

பியூலா அறைக்குள் போய் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்டர் கிழித்துக்கொண்டு வந்தாள். கடிகாரத்தின் நிறுத்தும் பொத்தான்மேல் அதைச் சுற்றி ஒட்டினாள்.

"மூணு வாரம் வழியில இதை எடுக்கக்கூடாது. கெளம்புறப்ப போடுங்க. வீட்டு வாசல் வந்தப்புறம் எடுத்துட்டு நிறுத்துங்க, திரும்ப ஒட்டிருங்க."

"நான் கேட்டது இது இல்லையே, கோச்."

"மூணு வாரம்," என்றாள் பியூலா. தொலைபேசி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

முதல் வாரம் ஆவுடைக்குக் கோபம். செவ்வாய்க்கிழமை எட்டு கிலோமீட்டர், ஐம்பத்தெட்டு நிமிடம் என்று காட்டியது. அதில் ஐந்து நிமிடம் பால்காரரோடு பேசியது. வியாழக்கிழமை மகள் அழைத்தபோது கை தானாகப் பொத்தானுக்குப் போய் பிளாஸ்டரில் முட்டியது. ஞாயிற்றுக்கிழமை அதே பதினாறு கிலோமீட்டர். மைதானத்தில் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒண்ணு ஐம்பத்தஞ்சு."

சங்கரபாண்டியன் காதைத் தீட்டிக்கொண்டார். "என்ன டாக்டரம்மா, ஒரு வாரத்துல பதினேழு நிமிஷம் வயசாயிட்டு?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒடம்புக்கு ஏதும் இல்லையே?" இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை.

"ஒடம்பு போன வாரத்துல இருந்த மாதிரிதான் இருக்கு. சொல்ற கணக்குதான் மாறிட்டு."

அவர் தன் பழைய கடிகாரத்தைத் துடைத்தபடி எழுந்து போனார்.

ஐந்தாவது இயலுக்கு ஆவுடை ஒரு வழக்கம் வைத்திருந்தாள். நான்கு மணி நேரம் முழுசாகக் கிடைத்தால்தான் மடிக்கணினியைத் திறப்பாள். இடையில் யாராவது கூப்பிட்டால் மூடிவிடுவாள். அரைகுறையாக எழுதியது ஆய்வில் சேராது என்பது அவள் எண்ணம். அப்படி முழுசாக நான்கு மணி நேரம் அந்த ஏழு மாதத்தில் மூன்று நாள்தான் கிடைத்திருந்தது. ஒருநாள் குடும்பத்தோடு கல்யாண வீட்டுக்குப் போகாமல் தங்கி வாங்கியது. அந்த நாலு மணி நேரத்திலும் பாதி, முன்பு எங்கே விட்டோம் என்று தேடுவதில் போயிற்று.

இரண்டாவது வாரம், புதன்கிழமை. கணவர் பேருந்துப் பணிமனைக்குக் கிளம்பிப் போய்விட்டார். குக்கர் அடுப்பில் இருந்தது. ஆவுடை சமையல் மேடையிலேயே மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். அந்தக் காலையில் மூன்று தடவை எழுந்தாள். ஒரு தடவை மாமியாருக்கு வெந்நீர், ஒரு தடவை குக்கர், ஒரு தடவை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். மூன்று தடவையும் கணினியை மூடவில்லை. ஆகாயத்தாமரை பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தாள். ஒன்று உருப்படியாக இருந்தது.

மறுநாளும் திறந்தாள். அதற்கு மறுநாள் முடியவில்லை.

"என்னம்மா, அடுப்படியில படிப்பு?" என்றார் மாமியார் வாசலில் நின்று.

"ஒரு வரி பாக்கி இருக்கு, அத்தை."

"பாத்து. சாம்பார்ல எழுதிராத."

ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது வாரம் முடிந்த நாள். அன்று இருபத்தொரு கிலோமீட்டர். மற்றவர்களை முன்னால் போகவிட்டு, பியூலா ஆவுடையோடு கடைசியில் ஓடினாள். பதினான்காவது கிலோமீட்டரில் கேட் சாத்தியிருந்தது. பியூலாவுக்கு அன்று ஷிஃப்ட் இல்லை. வேறொருவர் கொடியோடு நின்றிருந்தார். பியூலாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

இருவரும் தடுப்பருகே நின்றார்கள். ஆவுடையின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த மூணு வாரத்துல ஒரு தடவைகூட அந்த ரெண்டு பத்து வேகத்துக்குக் கிட்ட போகல," என்றாள். "இன்னைக்கும் ரெண்டரை மணி ஆயிரும்."

"ஆகட்டும்."

"ஆனா ஒண்ணு, கோச். கெளம்புறப்பவே எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியுது. முந்தி தெரியாது."

பியூலா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடுதாசி இன்னும் பையிலதான் கெடக்கு. அஞ்சாவது இயல் பதினெட்டுப் பக்கம் வந்திருக்கு. இன்னும் நாப்பது வேணும். எழுபத்தோரு நாள் இருக்கு செப்டம்பர் முப்பது வரைக்கும். மகளுக்குக் காலாண்டுப் பரீட்சை, அத்தைக்குக் கண் ஆபரேஷன், எல்லாம் அதுக்குள்ள வருது. கணக்குப் போட்டுப் பாத்தா இடிக்குது. நான் அன்னைக்கே கேட்டேன், நீங்க இன்னும் பதில் சொல்லல. எதை விட?"

ரயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வாசலில் தொங்கியபடி சிலர் கையாட்டினார்கள். கடைசிப் பெட்டி தாண்டும்வரை பியூலா காத்திருந்தாள்.

"எட்டு வருசமா கேட் சாத்துதேன், அக்கா. ரயில் வாரப்ப ரோட்டை மறிக்கேன். ரோடு எங்கயும் போகல. இங்கனயேதான் கெடக்கு."

தடுப்பு ஏறியது. இருவரும் தண்டவாளத்தைத் தாண்டி மறுபடி ஓடத் தொடங்கினார்கள்.

செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.40-க்கு, கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஆவுடைச்செல்வியின் ஆய்வேடு பல்கலைக்கழக அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளப்பட்டது. அன்று காலைப் பயிற்சிக்கு எட்டு கிலோமீட்டர் குறித்திருந்தது. அவள் ஐந்து ஓடினாள்.